சுவாஹிலி மொழி: தமிழும் மலாயும் அறிந்தவர் எங்கிருந்து தொடங்கலாம்?

பட்டர்வொர்த்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கில் கப்பல் சரக்குகளைக் கையாளும் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகருக்கு மாற்றலாகிப் போகவிருக்கிறேன். பள்ளி விடுமுறை வந்ததும் மனைவியும் இரு பிள்ளைகளும் அங்கு வந்து சேர்வார்கள். அலுவலகத்தில் ஆங்கிலமே போதும் என்று மேலாளர் சொல்கிறார். ஆனால் துறைமுக வாசலில் லாரியோடு காத்திருப்பவரிடமும், சந்தையில் காய்கறி விற்கும் அம்மாவிடமும், வாடகை வீட்டின் காவலாளியிடமும் சுவாஹிலி இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது என்று அங்கே இருந்து திரும்பியவர்கள் ஒரே குரலில் கூறுகிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் சொற்பட்டியல்கள் பெரும்பாலும் காட்டு விலங்குகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணிகளுக்காக எழுதப்பட்டவை. சிங்கத்துக்கு என்ன சொல், யானைக்கு என்ன சொல் என்று தெரிந்துகொண்டு நான் சரக்குப் பெட்டியை விடுவிக்க முடியாது. மேலும் அவை அனைத்தும் ஆங்கிலத்தின் வழியாகவே விளக்கம் தருகின்றன. தமிழை வீட்டிலும் மலாயை வெளியிலும் பேசி வளர்ந்த நம்மைப் போன்றவர்கள் இம்மொழியை எந்தப் பக்கத்திலிருந்து அணுகினால் எளிதாக இருக்கும்?

'ஜாம்போ', 'அசாந்தே' என்னும் இரண்டையும் அறிவேன். அவற்றைக் கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்? இலக்கணத்தை இப்போதே தொடுவதா, பிறகு பார்த்துக்கொள்வதா? சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்வது சரியா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


இந்துமாக்கடலோன் எழுதியது:

ஐயா, வணக்கம். கட்டுமானப் பணி நிமித்தமாகத் தார் எஸ் சலாமிலும் ஸன்ஸிபாரிலும் சில ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது கோலாலம்பூரில், செந்தூலில் வசிக்கிறேன். சொற்பட்டியலை மூடி வைத்துவிட்டு, வணக்கம் சொல்லும் முறையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. அந்தக் கடற்கரையில் நலம் விசாரிக்காமல் காரியத்தைப் பேசத் தொடங்குபவர், எவ்வளவு இலக்கண சுத்தமாகப் பேசினாலும், பண்பில்லாதவர் என்றே கருதப்படுவார்.

'ஜாம்போ' என்பது ஏறத்தாழ வெளிநாட்டவருக்கென ஒதுக்கி வைக்கப்பட்ட சொல்லாகிவிட்டது. அதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே பதில் தருவார்கள்; ஆனால் நீங்கள் விமானத்திலிருந்து இப்போதுதான் இறங்கியவர் என்று முடிவும் கட்டிவிடுவார்கள். அதன் முறையான வடிவம் 'ஹுஜாம்போ?', அதற்கு மறுமொழி 'சிஜாம்போ'. பலரைப் பார்த்துக் கேட்கும்போது 'ஹம்ஜாம்போ?', அவர்கள் சொல்வது 'ஹதுஜாம்போ'. 'உமக்கு ஒரு தொல்லையும் இல்லையே?', 'இல்லை' என்பதுதான் இதன் கருத்து.

அன்றாடம் அதிகம் பயன்படுவது 'ஹபாரி'. இது மலாயில் நாம் கேட்கும் 'அப்பா காபார்?' என்பதில் உள்ள அதே அரபுச் சொல். செய்தி என்று பொருள். காலையில் 'ஹபாரி ஸா அசுபுஹி?', நண்பகலில் 'ஹபாரி ஸா ம்ச்சானா?', மாலையில் 'ஹபாரி ஸா ஜியோனி?' என்று கேட்க வேண்டும். அதோடு நின்றுவிடாது. வேலை எப்படி என்பதற்கு 'ஸா காஸி?', வீட்டில் எப்படி என்பதற்கு 'ஸா ன்யும்பானி?', பிள்ளைகள் எப்படி என்பதற்கு 'ஸா வதோத்தோ?' என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒவ்வொன்றுக்கும் 'ன்ஸூரி' என்றோ 'சலாமா' என்றோ விடையளித்துவிட்டு, அதே கேள்விகளை நீங்களும் திருப்பிக் கேட்க வேண்டும். உடல்நலம் இல்லாதவர்கூட முதலில் 'ன்ஸூரி' என்று சொல்லி முடித்த பிறகே, 'ஆனால்' எனப் பொருள்படும் 'லாகினி' என்ற சொல்லைப் போட்டுத் தம் குறையைத் தொடங்குவார். உங்கள் சரக்குச் சீட்டை மேசைமேல் வைப்பதற்கு முன் இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் சீட்டு அங்கேயே கிடக்கும்.

வயதில் மூத்தவர் எவரைக் கண்டாலும் 'ஷிக்கமோ' என்று சொல்லுங்கள். 'உங்கள் பாதங்களைப் பற்றுகிறேன்' என்னும் பொருளிலிருந்து வந்ததாக இதை விளக்குவார்கள்; பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிடும் வழக்கமுள்ள நமக்கு இதில் புதுமை ஏதுமில்லை. அவர் 'மரஹாபா' என்று ஏற்றுக்கொள்வார். உங்களைவிட இளையவருக்கு இதைச் சொல்லக் கூடாது. அவர்கள்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இளைஞர்கள் தமக்குள் 'மாம்போ?' என்று கேட்டு 'போவா' என்று பதில் சொல்லிக்கொள்வார்கள். லாரி ஓட்டுநர்களிடம் இது நன்றாக எடுபடும். துறைமுக அதிகாரியிடம் வேண்டாம்.

அடுத்ததாகக் கேட்டு வாங்கும் முறை. 'நாதாக்கா' என்றால் எனக்கு வேண்டும் என்று பொருள். அகராதியில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். ஆனால் தான்சானியாவில் அது அதிகாரத் தொனியாக ஒலிக்கும். 'நாஓம்பா' என்பதே மரியாதை. மலாயில் 'மிந்தா' என்பதற்கு நிகரானது. தண்ணீர் கேட்க 'நாஓம்பா மாஜி', ரசீது கேட்க 'நாஓம்பா ரிசீத்தி'. தயவுசெய்து என்பதற்கு 'தஃபதாலி' என்ற சொல் உண்டு. எனினும் 'நாஓம்பா' சொன்ன இடத்தில் அது பெரும்பாலும் தேவைப்படாது.

'போலே' என்னும் சிறிய சொல்லைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எதிரே வருபவர் கால் இடறினாலும், நண்பருக்குக் காய்ச்சல் என்றாலும், ஒருவர் வீட்டில் துக்கம் என்றாலும் சொல்ல வேண்டியது இதுவே. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவரிடம் 'போலே நா காஸி' என்பார்கள்; தொலைவிலிருந்து வந்திறங்கியவரிடம் 'போலே நா சஃபாரி' என்பார்கள். இது மன்னிப்புக் கேட்பதன்று, அனுதாபம். தவறு உங்களுடையது என்றால், அல்லது ஒருவரை இடைமறித்து ஏதேனும் கேட்க வேண்டும் என்றால், 'சமஹானி' என்று சொல்லுங்கள். 'போலே போலே' என்று இரட்டித்தால் மெதுவாக என்று பொருள் மாறிவிடும். ஓட்டுநரிடம் நாள்தோறும் தேவைப்படும்.

பிறர் வீட்டு வாசலில் நின்று 'ஹோதி!' என்று குரல் கொடுங்கள். உள்ளிருந்து 'கரீபு' என்று வரும்வரை படியேறக் கூடாது. பலராக வந்தால் 'கரிபூனி'. நன்றி சொன்னதற்கு மறுமொழியும் 'கரீபு'தான். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் அவ்வழியே போகிறவரை உணவுக்கு அழைப்பதும் அதே சொல்லால்தான்.

சந்தைக்கு 'பெய் கானி?' போதும், என்ன விலை என்று பொருள். 'காலி சானா' என்றால் மிகவும் விலை அதிகம், 'புங்கூஸா கிதோகோ' என்றால் கொஞ்சம் குறையுங்கள். எண்கள் இவை: மோஜா, ம்பிலி, தாத்து, ன்னே, தானோ, சீத்தா, சாபா, நானே, தீசா, கூமி. பதினொன்று 'கூமி நா மோஜா', அதாவது பத்தும் ஒன்றும். நூறு 'மியா', ஆயிரம் 'எல்ஃபு'. தான்சானிய ஷில்லிங்கில் சில்லறைப் பொருளுக்கே ஆயிரக்கணக்கில் விலை சொல்வார்கள் என்பதால் 'எல்ஃபு' காதில் விழாத நாளே இருக்காது. வீட்டு வாடகை பேசும்போது 'லாக்கி' என்று வந்தால் திகைக்க வேண்டாம். அது நம் லட்சமேதான், இந்திய வணிகர்களோடு கடல் கடந்து போய் அங்கேயே தங்கிவிட்டது.


ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

தம்பி, நல்ல கேள்வியைத் தொடங்கியிருக்கிறீர்கள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டு மேல்மாடியில் ஸன்ஸிபாரைச் சேர்ந்த கல்லூரி மாணவிகள் குடியிருந்தார்கள். அவர்களிடம் மலாயைக் கொடுத்துச் சுவாஹிலியை வாங்கிக்கொண்டேன். மேலே ஐயா எழுதியவற்றோடு எனக்குக் கருத்து வேறுபாடில்லை. எழுத்து, இலக்கணம் ஆகிய இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

தமிழ் எழுத்தில் எழுதி வைப்பது முதல் வாரத்துக்கு உதவும். அதற்கு மேல் கெடுக்கும். நமக்கு ஒரே 'ப' இருக்க, அவர்களுக்கு இரண்டு ஒலிகள் உண்டு. அப்பாவைக் குறிக்கும் 'பாபா' என்ற சொல்லில் இரண்டு இடத்திலும் வருவது 'தம்பி'யில் உள்ள மெல்லிய பகரம். அதையே 'பாக்கு' என்பதில் வரும் வல்லொலியோடு சொன்னால் சுறாமீன் ஆகிவிடும். அதேபோல் 'அசாந்தே' என்று எழுதியதைப் படிக்கும் தமிழர் நாக்கு 'பந்தயம்' என்பதில் வரும் தகரத்தை இயல்பாக ஒலிக்கும். அங்கே வேண்டியதோ மலாய்ச் சொல்லான 'ஹந்து'வில் வரும் தகரம். இந்தத் திரியில் 'ஸ' என்று எழுதப்பட்டிருப்பதை மலாயில் காலத்தைக் குறிக்கும் 'ஸமான்' என்ற சொல்லின் முதல் ஒலியாகக் கொள்ளுங்கள். 'ச' என்பது 'சாபுன்' என்பதன் முதல் ஒலி. மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வாராது என்று வகுப்பில் ஆயிரம் முறை சொன்னவள் நான். சுவாஹிலியில் 'ம்பிலி', 'ன்ஸூரி' என்று மெய்யே முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு முன் ஓர் இகரத்தையோ உகரத்தையோ சேர்த்துவிடாமல், அந்த மெய்யொலியிலிருந்தே சொல்லைத் தொடங்கிப் பழகுங்கள்.

நல்வாய்ப்பாக, இன்று சுவாஹிலி உரோமன் எழுத்தில், மலாயைப் போலவே எழுதியபடி வாசிக்கும் முறையில் எழுதப்படுகிறது. மலாய்க்கு ஜாவி இருந்ததுபோல் அதற்கும் முற்காலத்தில் அரபு எழுத்து இருந்தது. மலாய்ச் செய்தித்தாளை வாசிப்பதுபோல் வாசித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லிலும் கடைசிக்கு முந்திய அசையை அழுத்திச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சொற்களிலும் மலாய் கைகொடுக்கும். இரண்டு மொழிகளும் அரபு வணிகர்களோடு புழங்கியவை. உலகத்துக்கு 'துனியா', அகராதிக்கு 'கமூசி', தாளுக்கு 'கரதாசி', சோப்புக்கு 'சபூனி', ஏழைக்கு 'மஸ்கினி', காரணத்துக்கு 'சபாபு', நேரத்துக்கு 'வக்காத்தி' என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது மலாய்ச் சொல்லுக்கு இறுதியில் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்ததுபோல் இருக்கும். போர்த்துகீசியர் விட்டுச்சென்றவையும் உண்டு: கொடிக்கு அங்கேயும் 'பெண்டேரா'தான், 'மேஸா' என்பது மலாயின் 'மேஜா', நம் மேசை. நீங்கள் போகும் ஊரின் பெயரே 'அமைதியின் இல்லம்' எனப் பொருள்படும் அரபுத் தொடர். அண்டை நாடான புருணையின் பெயரோடு ஒட்டியிருப்பதும் அதுவே.

ஆனால் உருவம் ஒன்றாக இருந்து பொருள் மாறும் சொற்களில் கவனம் வேண்டும். 'சானா' என்றால் மலாயில் அங்கே, சுவாஹிலியில் மிகவும். 'பிலா' மலாயில் எப்போது, அங்கே இல்லாமல். 'கூக்கு' நமக்கு நகம்; அவர்களுக்குக் கோழி. 'தாதா' இங்கே நெஞ்சு, அங்கே சகோதரி. தமிழ்க் காதுக்கும் சோதனை உண்டு. 'மாமா' என்றால் அம்மா. 'வாத்து' என்றால் மனிதர்கள். வாத்துக்கு அவர்கள் 'பாத்தா' என்பார்கள்.

அந்த 'வாத்து'விலிருந்தே இலக்கணத்துக்குள் நுழையலாம். ஒரு மனிதர் 'ம்த்து', பலர் 'வாத்து'. ஓர் ஆசிரியர் 'ம்வாலிமு', பலர் 'வாலிமு'. தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரேயை மக்கள் 'ம்வாலிமு' என்றே அழைத்தார்கள். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தமிழில் 'கள்' என்பதைப் பின்னால் சேர்க்கிறோம். அவர்கள் தலையை மாற்றுகிறார்கள். நூலுக்கு 'கிதாபு', நூல்களுக்கு 'விதாபு'. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: 'கிதாப்' என்ற அரபுச் சொல்லின் முதலெழுத்தைத் தங்கள் மொழியின் ஒட்டு என்று கொண்டு, அதை எடுத்துவிட்டுப் பன்மை ஒட்டைப் போட்டுவிட்டார்கள். பெயர்ச்சொற்கள் இப்படிப் பல வகுப்புகளாகப் பிரிந்து கிடக்கின்றன. அவையெல்லாம் இப்போது வேண்டாம். ஒருமையையும் பன்மையையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

வினைச்சொல்லைத் தள்ளிப்போட வேண்டாம். தமிழருக்கு அது எளிது. 'படித்தேன்' என்பதைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரிக்க நமக்குத் தெரியும். சுவாஹிலியில் அதே உறுப்புகள் தலைகீழாக நிற்கின்றன: முதலில் ஆள், பிறகு காலம், கடைசியில் வினை. 'சோமா' என்றால் படி. 'நிலிசோமா' படித்தேன், 'நினாசோமா' படிக்கிறேன், 'நிதாசோமா' படிப்பேன். ஆளை மாற்ற வேண்டுமானால் முதலெழுத்தை மாற்றினால் போதும்: நீ என்றால் 'உனாசோமா', நாம் என்றால் 'துனாசோமா', அவர்கள் என்றால் 'வனாசோமா'. அவன், அவள், அவர் மூன்றுக்கும் 'அனாசோமா' ஒன்றே. நாம், நாங்கள் என்ற வேறுபாடும் இல்லை. இந்த இரு வகையிலும் தமிழைவிடச் சிக்கனம். எதிர்மறை வேறு வழியில் போகும். 'சிஜூயி' தெரியாது, 'சியெலேவி' புரியவில்லை, 'சிதாக்கி' வேண்டாம், 'சீனா' என்னிடம் இல்லை ஆகிய நான்கை மட்டும் முழுச் சொல்லாகவே வைத்துக்கொள்ளுங்கள். 'சியெலேவி' என்பதோடு 'சேமா போலே போலே, தஃபதாலி' என்று சேர்த்துச் சொன்னால், மெதுவாகப் பேசுங்கள் என்று கேட்டதாகும்.


பட்டர்வொர்த்வாசி எழுதியது:

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. இன்னும் மூன்று ஐயங்கள். நாங்கள் குடும்பமாகச் சைவ உணவு உண்பவர்கள். கடையில் அதை எப்படிச் சொல்வது? அங்கே மணியை வேறு விதமாகச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டேன், அது உண்மையா? பிள்ளைகள் அக்கம்பக்கத்தாரை எப்படி அழைக்க வேண்டும்? மொம்பாசா துறைமுகத்துக்கும் அவ்வப்போது போக வேண்டியிருக்கும் என்பதால், கென்யாவில் பேசுவது மாறுபடுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.


சுங்கை டுவா சகோதரி எழுதியது:

வணக்கம் அண்ணன். கணவரின் பணிக்காக நைரோபியில் இருந்தவள் என்ற முறையில் கடைசி இரண்டு கேள்விகளுக்கு எழுதுகிறேன்.

கென்யாவில் சுவாஹிலி தேசிய மொழி. ஆங்கிலத்தோடு சேர்ந்து ஆட்சி மொழியும் அதுவே என்று 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு கூறுகிறது. ஆனால் நைரோபியில் கேட்பது ஆங்கிலமும் பிற மொழிகளும் கலந்த பேச்சு. இளைஞர்களின் 'ஷெங்' வழக்கு பாடநூலில் கிடைக்காது. அங்கே 'ஷிக்கமோ' சொல்பவர் குறைவு, 'சாசா?' என்று கேட்டால் 'போவா' என்பார்கள். 'நிப்பே', அதாவது எனக்குக் கொடு என்று நேராகக் கேட்பதையும் யாரும் தவறாக நினைப்பதில்லை. தார் எஸ் சலாமில் பழகிய பேச்சோடு நைரோபிக்குப் போனால் 'தான்சானியாவிலிருந்து வருகிறீர்களா?' என்று கேட்பார்கள்; அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம். மொம்பாசா கடற்கரை நகரம் என்பதால் அங்கே தாய்மொழியாகவே சுவாஹிலி பேசுவோர் உண்டு. உங்களுக்குச் சிரமம் இருக்காது.

உறவுமுறையில் பிள்ளைகள் ஒரே நாளில் தேறிவிடுவார்கள். ஆங்கிலத்தில் எல்லாரையும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று அடக்கிவிடுவதுபோல் அங்கே இல்லை. அப்பாவின் அண்ணன் 'பாபா ம்குப்வா', அதாவது பெரிய அப்பா. தம்பி 'பாபா ம்தோகோ', சின்ன அப்பா. அம்மாவின் அக்காவும் தங்கையும் அவ்வாறே 'மாமா ம்குப்வா', 'மாமா ம்தோகோ'. தாய்மாமனுக்கு 'ம்ஜோம்பா', அத்தைக்கு 'ஷங்காஸி' என்று தனிச்சொற்கள் வேறு. அக்கம்பக்கத்தில் இளைஞரை 'காக்கா' என்றும் பெண்ணை 'தாதா' என்றும், முதியவரை 'ம்ஸே' அல்லது 'பாபு' என்றும், பாட்டி வயதுடையவரை 'பீபி' என்றும் அழைக்கச் சொல்லுங்கள். ('காக்கா' என்று அண்ணனை அழைக்கும் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது.) உங்கள் மனைவியைப் பெயர் சொல்லி அழைக்காமல், மூத்த பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'மாமா' சேர்த்து இன்னாருடைய அம்மா என்று அழைப்பார்கள். என்னை ஈராண்டும் அப்படித்தான் அழைத்தார்கள். எனக்கு அது பிடித்தே இருந்தது.

தெருவில் உங்களைப் பார்த்து 'ம்ஹிந்தி' என்று சொல்லக் கேட்கலாம். இந்தியர் என்று பொருள், வசையில்லை. குஜராத்திகள் தலைமுறைகளாக வாழும் ஊர் என்பதால் உங்களையும் அவர்களில் ஒருவராக எண்ணிக்கொள்வார்கள். 'நினாதோக்கா மலேசியா' என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.


இந்துமாக்கடலோன் எழுதியது:

மணிக் கணக்கைப் பற்றிக் கேட்டது மிகவும் தேவையான கேள்வி. ஆம், உண்மைதான். அவர்களுடைய பகல் நாம் 6 மணி என்று சொல்லும் காலைப் பொழுதில் தொடங்குகிறது. ஆகவே நம் காலை 7 மணி அவர்களுக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி. நண்பகல் 12 மணி 'சா சீத்தா', ஆறு மணி. மாலை 6 கடந்ததும் இரவுக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இரவு 8 மணி 'சா ம்பிலி உசிக்கு'. அரை மணிக்கு 'நா நுசு' என்று சேர்க்க வேண்டும். சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இதில் வியப்பு ஒன்றும் இருந்திருக்காது. பூமத்திய ரேகைக்கு அருகில் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விடிவதால் இந்தக் கணக்கு அங்கே பொருந்திப்போகிறது. இதே முறையைப் பினாங்கில் பின்பற்ற முடியாது. 1982இல் நம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிய பிறகு இங்கே 7 மணிக்கு மேல்தான் வெயிலைப் பார்க்கிறோம்.

சிக்கல் எங்கே வரும் என்றால், ஆங்கிலத்தில் பேசும்போது அதே மனிதர்கள் உலக வழக்கப்படிதான் மணி சொல்வார்கள். ஒரே ஓட்டுநர் சுவாஹிலியில் 'சா நானே' என்றால் பிற்பகல் 2 மணி. ஆங்கிலத்தில் எட்டு என்றால் எட்டு. கைக்கடிகாரத்தில் முள் காட்டும் எண்ணுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படித்தால் சுவாஹிலி மணி கிடைத்துவிடும். சரக்கு ஏற்றும் நேரத்தை மட்டும் வாய்ச்சொல்லாக விடாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியாவைவிட அங்கே 5 மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்பதையும் பினாங்கு அலுவலகத்தோடு பேசும்போது நினைவில் வையுங்கள்.

கிழமைகளும் இதே போக்கில்தான். வாரம் சனிக்கிழமையில் தொடங்குகிறது: சனி 'ஜுமாமோசி', ஞாயிறு 'ஜுமாபீலி', திங்கள் 'ஜுமாதாத்து', செவ்வாய் 'ஜுமான்னே', புதன் 'ஜுமாதானோ'. திங்கள் என்பது மூன்றாம் நாள் என்று மனத்தில் பதிந்துவிட்டால் மற்றவை தாமே வரும். வியாழன் 'அல்ஹமீசி', வெள்ளி 'இஜுமா'. மலாயின் 'காமிஸ்', 'ஜுமாஅத்' இவையே. 'அல்ஹமீசி'யும் அரபில் ஐந்தாம் நாளையே குறிப்பதால், ஒரே வாரத்தில் இரண்டு ஐந்தாம் நாள்கள் இருக்கின்றன; அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இனி உணவு. 'சிலி ன்யாமா' என்றால் இறைச்சி சாப்பிடுவதில்லை என்று பொருள். ஆனால் அது மட்டும் போதாது. 'ன்யாமா' என்றதும் பலர் மாட்டையும் ஆட்டையுமே நினைத்துக்கொண்டு, உங்களுக்காக அக்கறையோடு கோழியைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆகவே 'சிலி ன்யாமா, வாலா கூக்கு, வாலா சமாகி' என்று கோழியையும் மீனையும் சேர்த்தே மறுத்துவிடுங்கள். முட்டையும் ஆகாதென்றால் 'வாலா மாயாயி'. பசியோடு திரும்ப வேண்டியதில்லை. 'மஹராகே' என்னும் அவரை வகைக் குழம்பு எங்கும் கிடைக்கும். 'ம்ச்சிச்சா' என்பது நம் முளைக்கீரை. இங்கே சந்தையில் 'பாயாம்' என்று வாங்குவது. அதைத் தேங்காய்ப் பால் விட்டுச் சமைப்பார்கள். களி போன்ற 'உகாலி'யைக் கையால் பிசைந்து உருட்டி, கீரையோடு தொட்டுச் சாப்பிடுவது வழக்கம். நமக்குக் கரண்டி கேட்க வேண்டிய தேவையே வராது. சப்பாத்திக்கும் ஊறுகாய்க்கும் அங்கே 'சப்பாத்தி', 'அச்சாரி' என்றே பெயர்.

அரிசிக்கு ஒரு சொல்லோடு நிறுத்தாத மொழிகளில் சுவாஹிலியும் ஒன்று. வயலில் நிற்கும் நெல் 'ம்புங்கா', கடையில் வாங்கும் அரிசி 'ம்ச்செலே', தட்டில் விழும் சோறு 'வாலி'. மலாயில் இதே மூன்றுக்கும் 'பாடி', 'பெராஸ்', 'நாசி' என்று பழகியவர்கள் நாம். ஆனால் அங்கே 'நாஸி' என்று சொல்லக் கேட்டால் சோறு என்று நினைத்துவிடாதீர்கள், அது தேங்காய். தேங்காய்ப் பாலில் வேகவைத்த சோற்றுக்கு 'வாலி வா நாஸி' என்று பெயர். நெத்திலிச் சம்பலும் வேர்க்கடலையும் இல்லாத நாசி லெமாக் என்று வைத்துக்கொள்ளலாம். பினாங்கு நாக்குக்கு முதல் வாரத்திலேயே ஆறுதலாக இருக்கும். இளநீர் வேண்டுமென்றால் 'தாஃபு' என்று கேளுங்கள், வண்டியில் வைத்துச் சீவிக் கொடுப்பார்கள்.

தேநீர்க் கடையில் பால் கலந்தது 'ச்சாயி யா மஸீவா', நம் தே ஓ போன்றது 'ச்சாயி யா ராங்கி'. அவர்கள் சர்க்கரையை அள்ளிப் போடுவார்கள். தே ஓ கோசோங் குடிப்பவராக இருந்தால் 'நாஓம்பா ச்சாயி யா ராங்கி, பிலா சுக்காரி' என்று முழு வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்.